சூரினாம்: காலியாகக் கிடக்கும் காடு அல்ல

நியூயார்க்கைக் கொடுத்துவிட்டுக் காட்டை வாங்கிய புத்திசாலிகள் டச்சுக்காரர்கள் என்று ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கதையில் பாதி உண்மை. 1664-ல் ஆங்கிலேயர்கள் வட அமெரிக்காவில் இருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற டச்சு ஊரைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். 1667-ல் டச்சுக்காரர்கள், தென் அமெரிக்காவின் வடகரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த சூரினாமைப் பிடித்தார்கள். அதே ஆண்டு பிரெடா நகரில் சமாதான ஒப்பந்தம். அவரவர் பிடித்தது அவரவருக்கு! அவ்வளவுதான் விஷயம்.

இன்றைக்கு இதைக் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அன்றைய கணக்குப்படி இது நஷ்ட வியாபாரமே இல்லை. நியூ ஆம்ஸ்டர்டாமில் கிடைத்தது பெரும்பாலும் விலங்குத் தோல். சூரினாமில் கரும்பு விளைந்தது. சர்க்கரைதான் அப்போது பணம்.

கரும்பு தானாக வெட்டிக்கொண்டு ஆலைக்குள் போகாதே, ஆள் வேண்டுமே? 2 லட்சத்துக்கும் அதிகமான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 1863 ஜூலை 1-ம் தேதி அடிமை முறை ஒழிந்தபோது விடுதலை பெற்றவர்கள் சுமார் 35,000 பேர்தான். இரண்டு நூற்றாண்டுகளில் வந்தவர்களையும், அவர்கள் பெற்ற பிள்ளைகளையும், கடைசியில் மிஞ்சியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தோட்டங்களில் என்ன நடந்திருக்கும் என்று தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை. விடுதலையின்போது நஷ்ட ஈடும் கொடுத்தார்கள். தலைக்கு 300 கில்டர். யாருக்கு? முதலாளிக்கு! விடுதலையானவருக்குக் கிடைத்தது, அரசின் மேற்பார்வையில் இன்னும் பத்து வருடம் தோட்ட வேலை.

இந்த நாட்டுக்கு இப்போது சுற்றுலா போகிறார்கள். நெதர்லாந்திலிருந்துதான் அதிகம் பேர். ஆம்ஸ்டர்டாமில் விமானம் ஏறினால் சுமார் ஒன்பது மணி நேரத்தில் தலைநகர் பரமரிபோவுக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். நாட்டின் பரப்பு 1,63,820 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்கள்தொகை மட்டும் சுமார் 6 லட்சம். மதுரை மாநகரில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். நிலத்தில் ஏறத்தாழ 93 சதவீதம் காடு. உலகத்தில் இவ்வளவு சதவீதம் காடு வைத்திருக்கும் நாடு வேறு இல்லை என்றே சொல்லலாம்.

சுற்றுலா விளம்பரங்களில் இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 'எல்லா இனமும் ஒன்றாக வாழும் அமைதிப் பூங்கா'. இன்னொன்று, 'மனிதக் கை படாத மழைக்காடு'. முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரி முழுப் பொய், அதுவும் ஆபத்தான பொய். அந்த இரண்டாவது வரியை நம்பிக்கொண்டு சூரினாமுக்குப் போகிறவர் அந்த ஊர் மக்களுக்கு, தெரியாமலே, ஒரு கெடுதல் செய்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் நகரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம். நகரம் புரியாமல் காடு புரியாது.

பரமரிபோவில் எல்லோரும் படம் எடுக்கும் இடம் கைசர்ஸ்திராத் என்ற தெரு. அங்கே யூதர்களின் நெவே ஷாலோம் ஜெபக்கூடமும் ஒரு பெரிய மசூதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜெபக்கூடத்தின் உள்ளே தரையில் மணல் பரப்பியிருப்பார்கள். உலகச் செய்திகளைப் படித்துவிட்டு அந்தத் தெருவில் நிற்கும் எவருக்கும் கொஞ்சம் தொண்டை அடைக்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மரத்தாலேயே கட்டிய கத்தோலிக்கப் பேராலயம். பழைய நகரத்தின் வெள்ளை மர வீடுகளுக்காக 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கொடுத்தது.

சாப்பாடு இன்னும் சுவாரசியம். காலையில் ஜாவா வழியில் வந்த சோத்தோ சூப், மதியம் கோழிக் குழம்பும் காராமணிக்காய்ப் பொரியலும் வைத்த ரொட்டி, சாயங்காலம் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து வேர்க்கடலைச் சட்டினி மாதிரி ஒன்றோடு தருகிற பக்கபானா. பிறந்தநாள் என்றால் 'போம்' இல்லாமல் நடக்காது. அது ஒரு கிழங்கைத் துருவிக் கோழியோடு அடுப்பில் வேகவைப்பது. யூதர்கள் வழியாக வந்தது என்கிறார்கள், இப்போது எல்லாரும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுதந்திர சதுக்கத்துக்குப் போனால் ஆண்கள் கூண்டும் கையுமாக நிற்பார்கள். பாட்டுப் போட்டி! பாடுவது மனிதர்கள் இல்லை, குருவிகள். நடுவர்கள் ஒவ்வொரு பறவையின் பாட்டையும் எண்ணி மதிப்பெண் போடுவார்கள்.

2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 'ஹிந்துஸ்தானி' என்று அழைக்கப்படும் இந்திய வம்சாவளியினர் 27 சதவீதம். மரூன்கள் 22 சதவீதம் அளவுக்கு. கிரியோல்கள் 16, ஜாவாக்காரர்கள் 14, கலப்பினத்தார் 13, மண்ணின் ஆதிக்குடிகள் 4 சதவீதம்கூட இல்லை. ஆட்சிமொழி டச்சு. தெருவில் பேசுவது ஸ்ரானன் டோங்கோ என்ற கலவை மொழி. 'எப்படி இருக்கீங்க' என்பதற்கு அதில் 'ஃபா வாகா?' என்பார்கள், நடை எப்படிப் போகிறது என்று அர்த்தம். ஹிந்துஸ்தானிகள் வீட்டில் பேசுவது சர்னாமி, போஜ்பூரியும் அவதியும் கலந்தது. (தமிழர்களைத் தேடாதீர்கள். சூரினாமுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது கல்கத்தா துறைமுகத்திலிருந்து. பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்தவர்கள்.)

ஜாவாக்காரர்களைப் பற்றி ஒரு சங்கதி சொல்லியே ஆக வேண்டும். ஜாவாவிலிருந்து மெக்கா மேற்கே இருக்கிறது. சூரினாமிலிருந்து கிழக்கே. 1890-ல் ஜாவாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இங்கேயும் தாத்தா பாட்டன் தொழுத மாதிரி மேற்கு நோக்கியே தொழுதார்கள். பிறகு வந்த தலைமுறையில் சிலர் 'கிழக்குதானே சரி' என்றார்கள். மேற்குத் தொழுகைக்காரர்கள், கிழக்குத் தொழுகைக்காரர்கள் என்று இரண்டு பிரிவே உண்டாகிவிட்டது. ஊரை விட்டு வந்த மனிதன் எதைக் கையோடு கொண்டுவருகிறான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா தெரியவில்லை. திசையைக்கூடக் கொண்டுவந்திருக்கிறான்!

இவ்வளவு பேரும் அங்கே வந்தது ஒன்றாக வாழ ஆசைப்பட்டு இல்லை. அடிமை முறை போனதும் தோட்டங்களுக்கு மலிவாக ஆள் தேவைப்பட்டது. 1873 ஜூன் 5-ம் தேதி 'லல்லா ரூக்' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. 1916 வரை சுமார் 34,000 பேர். பிறகு ஜாவாவிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு. பழைய கூலியாள் கூலி கேட்டால் புதிய கூலியாளை இறக்குமதி செய்வது. 'பல்லினப் பண்பாடு' என்று இன்று அழகாகச் சொல்கிறோமே, அது ஒரு காலத்தில் கூலியைக் குறைவாக வைத்திருக்கும் ஏற்பாடு.

கொம்மவைனே ஆற்றுப் பக்கம் டால்பின் பார்க்கப் படகில் கூட்டிப்போவார்கள். அந்தப் பக்கத்திலேயே மரியன்பர்க் என்ற சர்க்கரை ஆலையின் இடிபாடும் இருக்கிறது. செடி கொடி ஏறிய துருப்பிடித்த இயந்திரங்கள், படத்துக்கு நன்றாக இருக்கும். 1902 ஜூலையில் கூலிப் பிரச்சினை முற்றி, பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தாலும் வெறுப்பைச் சம்பாதித்திருந்த மேலாளரைத் தொழிலாளர்கள் கொன்றார்கள். மறுநாள் ராணுவம் சுட்டது. குறைந்தது 17 தொழிலாளர்கள் செத்தார்கள். உடல்களை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அந்தக் குழி எங்கே என்று பிறகு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2006-ல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். டால்பின் படகில் போகிறவர்கள் அங்கேயும் பத்து நிமிஷம் இறங்கலாம், தப்பில்லை.

அப்புறம் எப்படி இந்த ஒற்றுமை வந்தது? பேசிப் பேசித்தான் வந்தது. கிரியோல் கட்சித் தலைவர் ஜோஹான் பெங்கலும் ஹிந்துஸ்தானிகளின் தலைவர் ஜகர்நாத் லச்மோனும் 1950-களின் கடைசியில் கூட்டு சேர்ந்து 'சகோதரத்துவ அரசியல்' என்று ஒன்றை நடத்தினார்கள். பதவிகளைப் பங்கு பிரித்துக்கொள்வதுதான் அதன் உள்ளடக்கம், ஆனாலும் வெட்டிக்கொண்டு சாவதைவிடப் பங்கு பிரிப்பது மேல் அல்லவா? 1975-ல் சுதந்திரம் வருகிறது என்றதும் மீண்டும் பயம். கிரியோல்கள் கையில் ஆட்சி போய்விடும் என்று லச்மோன் எதிர்த்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் டச்சுக் குடியுரிமை போய்விடும் முன்னால் விமானம் ஏறின. கடைசி நேரத்தில் லச்மோனும் பிரதமர் ஹென்க் அரோனும் சட்டமன்றத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நவம்பர் 25-ல் கொடி ஏறியது. அந்தக் கட்டிப்பிடிப்பைத்தான் அந்த நாட்டின் உண்மையான நினைவுச் சின்னம் என்று சொல்ல வேண்டும், கைசர்ஸ்திராத் கட்டடங்களை அல்ல.

ஐந்து வருடத்தில் ராணுவப் புரட்சி. 1982 டிசம்பர் 8-ம் தேதி ஆட்சியை விமர்சித்த 15 பேரை, வக்கீல்கள், பத்திரிகையாளர்கள், தொழிற்சங்கத் தலைவர் எல்லாம் சேர்த்து, ஆற்றங்கரைக் கோட்டையில் நிறுத்திச் சுட்டார்கள். செலாண்டியா கோட்டை என்று பெயர். இன்று அருங்காட்சியகம், சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் கண்டிப்பாக இருக்கும் இடம். ராணுவ ஆட்சியாளராக இருந்த தேசி பௌதர்ஸே பிறகு தேர்தலில் ஜெயித்து 2010 முதல் 2020 வரை அதிபராகவும் இருந்தார். அந்தக் கொலைகளுக்காக 2019-ல் நீதிமன்றம் 20 ஆண்டு தண்டனை கொடுத்தது. 2023 டிசம்பரில் அது உறுதியானதும் தலைமறைவானார். 2024 டிசம்பரில் தலைமறைவிலேயே இறந்தார். ஒரு நாள்கூடச் சிறையில் இல்லை.

சரி, இப்போது காட்டுக்குள் போவோம்.

மரூன்கள் என்று மேலே ஒரு 22 சதவீதம் வந்ததே, அவர்கள் யார்? தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகளின் வழித்தோன்றல்கள். பிடிபட்டால் காலை வெட்டுவார்கள், தூக்கில் போடுவார்கள் என்று தெரிந்தே காட்டுக்குள் ஓடினார்கள். ஓடி ஒளிந்ததோடு நிற்கவில்லை. ஆறுகளின் மேல்பகுதியில், படகும் திணறுகிற பாறைத் துள்ளல்களுக்கு அப்பால் ஊர்கள் கட்டினார்கள். திரும்பி வந்து தோட்டங்களைத் தாக்கினார்கள். டச்சுப் படைகளால் அவர்களை ஜெயிக்க முடியவில்லை. 1760-ல் ஜூக்கா மக்களோடும் 1762-ல் சரமாக்கா மக்களோடும் அரசு சமாதான ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. அமெரிக்கா சுதந்திரம் அறிவிப்பதற்கு முன்பே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சண்டை போட்டுத் தங்கள் சுதந்திரத்தை எழுத்தில் வாங்கிவிட்டார்கள். சூரினாமில் மற்ற அடிமைகளுக்கு விடுதலை கிடைக்க அதற்குப் பிறகு நூறு வருடம் ஆனது.

ஓடும்போது பெண்கள் தலைமுடிப் பின்னலுக்குள் நெல்மணிகளை ஒளித்து எடுத்துப் போனார்கள் என்று மரூன்கள் இன்றும் சொல்கிறார்கள். வெறும் பாட்டிக் கதை என்று ஒதுக்க முடியாது. தாவரவியலாளர்கள் போய்ப் பார்த்தபோது ஆப்பிரிக்க நெல் இனமே அவர்கள் வயல்களில் இருந்தது, சில ரகங்களுக்குத் தப்பியோடிய பெண்களின் பெயர்களே வைக்கப்பட்டிருந்தன. அந்தக் காட்டில் காடு வெட்டி எரித்து, சில வருடம் விதைத்து, பிறகு மண்ணை ஓய்வுக்கு விட்டு அடுத்த இடத்துக்குப் போய்... இப்படி முந்நூறு வருடம். அவர்களுக்கும் முன்னால் ஆதிக்குடிகள், ஆயிரக்கணக்கான வருடங்களாக. மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம். கீழே இருப்பவருக்கு இது அத்தையின் பழைய கொல்லை, அது மாமாவின் படகு மரம். இதைத்தான் 'கை படாத காடு' என்கிறார்கள்!

ஒரு இடம் காலி என்று நீங்கள் சொல்லிவிட்டால், அதை யாருக்கும் கொடுக்கலாம். அங்கேதான் ஆபத்து.

1958-ல் சூரினாம் அரசும் ஓர் அமெரிக்க அலுமினிய நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. நாட்டில் பாக்சைட் கொட்டிக் கிடந்தது. அலுமினியம் உருக்க மின்சாரம் வேண்டும். சூரினாம் ஆற்றின் குறுக்கே அஃபோபாகா என்ற இடத்தில் அணை கட்டினார்கள். 1964-ல் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. முழுகிய பரப்பு சுமார் 1,560 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல் மூன்று மடங்குக்கு மேல். முழுகியது சரமாக்காக்களின் நிலத்தில் பெரும் பகுதி. ஐயாயிரம், ஆறாயிரம் பேர் ஊரைவிட்டு எழுப்பப்பட்டார்கள். 1762-ல் எழுத்தில் வாங்கிய நிலம் அது.

அப்போது இன்னொரு வேலையும் நடந்தது. தண்ணீர் ஏறும்போது தீவுத் திட்டுகளில் மாட்டிக்கொண்ட விலங்குகளை மீட்க வெளிநாட்டு விலங்கு நலச் சங்கம் ஒன்று ஆள் அனுப்பியது. 'கம்பா நடவடிக்கை' என்று பெயர். தேவாங்கு மாதிரி மெதுவாக நகரும் ஸ்லாத்துகள், எறும்புதின்னிகள், ஆமைகள், மான்கள் என்று கிட்டத்தட்ட பத்தாயிரம் உயிர்களைக் காப்பாற்றினார்கள். நல்ல காரியம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அந்தக் கதை ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. வெளியேற்றப்பட்ட ஆறாயிரம் மனிதர்களின் கதைக்கு அந்த அளவு வாசகர்கள் கிடைத்தார்களா? புதிதாகக் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டுக் குடியிருப்புகளுக்குப் பல வருடம் அந்த அணையின் மின்சாரமே வரவில்லை. அது உருக்காலைக்கும் தலைநகருக்கும் போய்க்கொண்டிருந்தது.

வணிகவியல் படிக்கிறவர்கள் இதை ஒரு பேலன்ஸ் ஷீட்டாக எழுதிப் பார்க்கலாம். உருக்காலை 1999-ல் மூடப்பட்டது. அலுமினா ஆலையும் 2015-ல் மூடப்பட்டது. 2019 முடிவில் அணை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அரை நூற்றாண்டு லாபம் ஒரு பக்கம். ஏரி மட்டும் அப்படியே இருக்கிறது, செத்த மரங்களின் உச்சிகள் தண்ணீருக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு. இந்தக் காட்சியை பிரவுன்ஸ்பெர்க் மலை உச்சியிலிருந்து பார்க்கலாம். பரமரிபோவிலிருந்து ஒரே நாளில் போய் வருகிற தூரம் என்பதால் எல்லா சுற்றுலா நிறுவனங்களும் கூட்டிப்போகின்றன. மழைக்காட்டுக்கு நடுவில் அமைதியான ஏரி, அஸ்தமனம், அடடா! கீழே இருப்பது ஊர்கள்.

இதில் வயிற்றெரிச்சலான பகுதி நியூவ் கொஃபிகாம்ப் என்ற கிராமம். அணைக்காக எழுப்பப்பட்டு வேறு இடத்தில் குடியேறியவர்கள் அவர்கள். 1990-களில் அந்தப் புது இடத்தைச் சுற்றி இருந்த நிலத்தை அரசு ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தங்கம் தோண்ட ஒதுக்கியது. மறுபடியும் எழுந்து போகச் சொல்லும் பேச்சு வந்தது. ஒரே குடும்பம், ஒரே ஆயுளில், இரண்டு தடவை! கிராமம் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் சுரங்கமும் இருக்கிறது. இதற்கு நடுவில் 1986 முதல் 1992 வரை ராணுவத்துக்கும் மரூன் கிளர்ச்சியாளர்களுக்கும் உள்நாட்டுப் போர் வேறு. 1986 நவம்பர் 29-ல் மொய்வானா என்ற ஜூக்கா கிராமத்தில் ராணுவம் நுழைந்து குறைந்தது 39 பேரைக் கொன்றது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து பிரெஞ்சு கயானாவுக்கு ஓடினார்கள்.

தங்கள் காட்டில் திடீரென்று மரம் வெட்டும் நிறுவனங்கள் நுழைந்ததைப் பார்த்த சரமாக்காக்கள் சும்மா இருக்கவில்லை. கிராமத் தலைவர் வான்ஸே எட்வர்ட்ஸும், சட்டம் படித்துக்கொண்டிருந்த ஹியூகோ ஜபினி என்ற இளைஞரும் ஊர் ஊராகப் படகில் போய் மக்களைத் திரட்டினார்கள். எது எது யாருடைய கொல்லை, எங்கே வேட்டை, எங்கே மருந்துச் செடி என்று வரைபடமே போட்டார்கள். வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2007 நவம்பர் 28-ல் தீர்ப்பு: அந்த நிலத்தின் மீது சரமாக்கா மக்களுக்குக் கூட்டாக உரிமை உண்டு. பெரிய திட்டம் எது வந்தாலும் முன்கூட்டியே சொல்லி, விளக்கி, அவர்கள் சம்மதம் வாங்க வேண்டும். லாபத்திலும் பங்கு தர வேண்டும். இருவருக்கும் 2009-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. உலகம் முழுக்கப் பழங்குடி வழக்குகளில் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். சூரினாமில் மட்டும், தீர்ப்பு சொன்னபடி நிலத்தை அவர்கள் பெயருக்கு எழுதும் சட்டம் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போனது.

'நாடு கடனில் மூழ்கியிருக்கும்போது காட்டையும் தங்கத்தையும் தொடாமல் இருக்க முடியுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020-ல் சூரினாமால் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை. 2021-ல் பன்னாட்டு நாணய நிதியத்திடம் போனது. விலைவாசி ஏறி ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். தங்கம்தான் ஏற்றுமதியில் முதல் இடம். சிறு சுரங்கங்களில் பாதரசம் போட்டுத் தங்கம் பிரிக்கிறார்கள், அந்தப் பாதரசம் ஆற்றுக்குப் போய், மீனுக்குப் போய், மீன் தின்கிற ஊருக்குப் போகிறது. அந்தச் சுரங்கங்களில் மரூன் இளைஞர்களே வேலை பார்க்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். பள்ளிக்கூடம் சரியில்லாத, வேலை இல்லாத ஊரில் வேறு என்ன செய்வார்கள்? கடலில் எண்ணெய் கிடைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் சுமார் 1,050 கோடி டாலர் முதலீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2028-ல் எண்ணெய் வரும் என்கிறார்கள். பாக்சைட் பணம் யாருக்குப் போனது என்று பார்த்தவர்கள், எண்ணெய்ப் பணம் எங்கே போகும் என்று கேட்பது தப்பா?

இந்தக் கணக்கில் சுற்றுலா சின்னத் தொகை. ஆனால் காட்டை வெட்டாமலே, தோண்டாமலே ஊருக்குள் வரக்கூடிய பணம் அது ஒன்றுதான் என்பதால் சின்னத் தொகைக்கும் மதிப்பு உண்டு. அதனால்தான் பயணி எங்கே போகிறார், யாரிடம் பணம் தருகிறார் என்பது முக்கியமாகிறது. யாரும் இல்லாத காடு வேண்டும் என்று கேட்கும் பயணிக்கு, யாரும் இல்லாத மாதிரி காட்டைக் காட்டும் தொழில் வளரும். ஊர்க்காரர் கண்ணில் படாமல் தங்க வைப்பார்கள், அல்லது சாயங்காலம் நடனம் ஆட மட்டும் கூப்பிடுவார்கள். பத்து நாள் விருந்தினரின் ரசனைதான், வெளியே அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லப்படும் கதையாகவும் ஆகிறது. காலியான காடு என்ற கதை வெளியே எவ்வளவு தூரம் பரவுகிறதோ, சம்மதம் கேட்காமல் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவ்வளவு சுலபம்.

கிராமம் என்றால் ஆதிவாசிப் பொம்மலாட்டம் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். கைபேசி இருக்கும், பாட்டுப் பெட்டி அலறும், கால்பந்துச் சட்டை போட்ட பையன்கள் இருப்பார்கள். 'அசல் தன்மை போய்விட்டது' என்று புலம்புகிற பயணிகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முந்நூறு வருடம் முன்னால் துப்பாக்கியைப் பறித்து டச்சுக்காரனையே சுட்டவர்கள், கைபேசியை மட்டும் தொடக்கூடாதா? அவர்கள் தங்கள் பழைய கதைகளை எல்லாருக்கும் அள்ளி இறைப்பதும் இல்லை. தப்பியோடிய முன்னோரைப் பற்றிய அறிவை சரமாக்காப் பெரியவர்கள் பொத்திப் பொத்தித்தான் வைத்திருக்கிறார்கள். சொந்தப் பேரனுக்கே, கோழி கூவும் நேரத்தில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, முழுதும் சொல்லாமல்தான் சொல்வார்கள். இரண்டு நாள் தங்கிய பயணிக்குக் கிடைத்த கதை எந்த அளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். பரமரிபோவிலிருந்து தெற்கே போகும் சாலை அட்ஜோனி என்ற படகுத்துறையில் முடிந்துவிடும். அதற்கு மேல் ஆறுதான் சாலை. 'கொர்யால்' என்ற நீளமான மரப் படகில் மோட்டார் வைத்து ஓட்டுவார்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிப் பிள்ளைகள், பயணி எல்லாம் ஒரே படகில். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை மழை குறைவு, பாறைகள் தலை நீட்டும். படகோட்டிகள் அதற்கு நடுவில் வளைத்து வளைத்துப் போவதை வேடிக்கை பார்ப்பதே ஒரு அனுபவம். தங்கும் விடுதியை முன்பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: விடுதி யாருடையது, ஊருடையதா, தலைநகரத்து நிறுவனத்துடையதா? மேல் சூரினாம் ஆற்றங்கரையில் இரண்டு வகையும் உண்டு. ஊருக்குப் போனதும் ஊர்த் தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். 'கபித்தேன்' என்பார்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. முன்னோர்க்குப் படைக்கும் இடங்கள் பக்கம் போகவே கூடாது.

ஊர் எல்லையில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே பனையோலை மாதிரி ஓலைகளைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நம்மூர்த் தோரணம் மாதிரியேதான். கெட்டது எதுவும் அதைத் தாண்டி ஊருக்குள் வராது என்பது நம்பிக்கை. கொஞ்சம் தாழ்வாகத்தான் கட்டியிருப்பார்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.